என் தங்கச்சிக்குப் பதிலாள்

அன்று தலைமையாசிரியர் அறையில் இருந்தது நான்கு பேர். தலைமையாசிரியர், ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை, என் அம்மா, நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் அப்பா. பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தாலே மேல் கூசுகிறது என்பார், எனக்காகவும் அவர் ஒரு நாளும் வந்ததில்லை. இன்னொருத்தி என் தங்கச்சி. யாரைப் பற்றிப் பேச நாங்கள் கூடியிருந்தோமோ, அவள் பிள்ளையார்குப்பத்து ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் படுத்துக் கிடந்தாள். அப்பா அவள் கட்டிலுக்குக் காவல் இருந்தார். பள்ளிக்கூடத்துக்கு வராமல் இருக்க அவருக்கு இந்த முறை நியாயமான காரணம் கிடைத்திருந்தது.

தலைமையாசிரியர் மேடம் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போடுவது சுலபமாக இருந்திருக்கும். எங்களை உட்காரச் சொன்னார். அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு பொறுமையாக விளக்கினார். பிள்ளை வந்த நாளைவிட வராத நாள்தான் அதிகமாக இருக்கிறது. இப்படியே போனால் ஒன்பதாவது தாண்டுவதே கஷ்டம். தாண்டினாலும் பத்தாவதில் பரீட்சை எழுத வருகை போதாது. அதனால் டி.சி. வாங்கிக்கொண்டு போய் உடம்பைத் தேற்றுங்கள், தேறியதும் வந்தால் மறுபடி ஒன்பதாவதில் சேர்த்துக்கொள்கிறேன். எல்லாம் அவள் நல்லதுக்குத்தான்.

நல்லதுக்கு என்ற வார்த்தையில் என் காது சூடானது. எங்கள் தெருவிலிருந்து டி.சி. வாங்கிப் போன பெண்பிள்ளைகள் எல்லோரும் அவரவர் நல்லதுக்குத்தான் போனார்கள். ஒருத்தியும் திரும்பி வந்து எந்த வகுப்பிலும் சேரவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"அவ எடம் காலியா கெடக்குது, அதான டீச்சரம்மா பிரச்சன?"

தலைமையாசிரியர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியும் சொல்லலாம் என்றார்.

"சரி. நாளையிலேர்ந்து காலியா கெடக்காது."

அவ்வளவுதான். அம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள். அவள் மனதில் என்ன இருந்தது என்று எனக்கும் புரியவில்லை, அந்த இரண்டு பேருக்கும் புரியவில்லை. டி.சி. வாங்கப்போவதில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

தங்கச்சிக்கு வந்திருப்பது சிறுநீர் வழியாக உடம்பின் சத்து ஒழுகிப்போகிற நோய். ஆறாவது படிக்கும்போது ஒரு காலை, கண் இரண்டும் திறக்க முடியாமல் வீங்கி எழுந்தாள். ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று மஞ்சள் பூசினோம். மறுநாள் கால் வீங்கியது, பிறகு வயிறு. அன்று தொடங்கியது. வீக்கம் வற்றும், சில வாரம் நன்றாக இருப்பாள், ஒரு சளி பிடித்தால் போதும், மறுபடி வீங்குவாள். டாக்டர் அம்மாவிடம் ஒரு கண்ணாடிக் குழாயைக் கொடுத்து வேலை சொல்லிக்கொடுத்தார். காலையில் முதல் சிறுநீரை அதில் பிடித்து, மெழுகுவர்த்தியில் காட்டிச் சூடாக்க வேண்டும். தெளிவாக நின்றால் பயமில்லை. வெந்த முட்டையின் வெள்ளைபோலத் திரண்டு, அடுத்தடுத்த நாளும் அப்படியே திரண்டால், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். மற்ற வீடுகளில் பிள்ளை பள்ளிக்கூடம் போவதைக் கடிகாரம் தீர்மானிக்கும். எங்கள் வீட்டில் அந்தக் குழாய் தீர்மானித்தது.

இதில் ஒரு கொடுமை, மாத்திரை அவளைக் கொழுகொழுவென்று ஆக்கிவிட்டது. கன்னம் உப்பி, முகம் வட்டமாகி, பார்க்கிறவர்களுக்கு நன்றாகத் தின்று தூங்கும் பிள்ளையாகத் தெரிந்தாள். இளைத்துக் கறுத்திருந்தால் ஊர் நம்பியிருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வகுப்பில் உட்காரும்போதெல்லாம், இவளுக்கா உடம்பு சரியில்லை என்று யாராவது ஒருவர் கேட்டார்கள். பையன்கள் அவளுக்கு பன்னு என்று பேர் வைத்தார்கள். அவள் அழுகிற சாதி இல்லை. பன்னு என்று கூப்பிட்டவனிடம், "ஆமான்டா, ஜாம் வாங்கியா, ரெண்டு பேரும் துன்னலாம்" என்று சொன்னாளாம். அதற்குப் பிறகு அந்தப் பையன் அவளுடைய கூட்டாளியாகிவிட்டான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். பெரிய புத்திசாலி என்பதால் இல்லை. காய்ச்சல்கூட வராத உடம்பு, மழையிலும் போனேன், வெயிலிலும் போனேன், பி.காம். வரைக்கும் போனேன். அப்போது யாரும் என்னிடம் வருகையைப் பற்றிக் கேட்கவில்லை. உடம்பு ஒத்துழைத்தது, அதை எல்லோரும் ஒழுக்கம் என்று சொல்லிவிட்டார்கள். மேடையில் கூப்பிட்டு ஒரு எவர்சில்வர் தட்டுகூடக் கொடுத்தார்கள். அந்தத் தட்டில்தான் தங்கச்சி உப்பில்லாத சோற்றைத் தின்றுகொண்டிருந்தாள்.

கூட்டத்துக்கு மறுநாள் காலை அம்மா என் சட்டையைத் தேய்த்து மாட்டியிருந்தாள். தங்கச்சியின் பையில் புத்தகங்களை அடுக்கி, டிபன் பாக்ஸை வைத்து, தின்பண்டத்துக்கு ஒரு வாழைப்பழமும் வைத்திருந்தாள். எனக்கு அப்போது கம்பெனியில் இரண்டாவது ஷிப்ட், மதியத்துக்குமேல்தான் வேலை. எங்கே போகணும் என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடம். அவளுக்கு பதிலா நீ போய் ஒக்காரு."

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. நான் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, எதையும் மறைக்காமல் தன் கணக்கைச் சொன்னாள்.

"நூறு நாள் வேலைக்கு வூட்டுக்கு ஒரு கார்டுதான? எனக்கு முடியலன்னா ஒங்கப்பன் போறாரு. ஒங்கப்பனுக்கு முடியலன்னா நான் போறேன். இன்னிக்கு ஏன் அந்தாளு வரலன்னு எவனாவது கேட்டானா? நடவுல ஒருத்தி வரலன்னா அவ நாத்தனா வந்து நிக்கல? எடம் காலியா இருந்தாத்தான் தப்பு. நீ காலையில சும்மாதான ஒக்காந்துக்கினு கீற."

பள்ளிக்கூடம் அப்படி இல்லை என்று சொன்னேன். வேலையில் ஆள் மாறலாம், படிப்பில் ஆள் மாற முடியாது, மூளை அவளுடையது, பேர் அவளுடையது என்றெல்லாம் சொன்னேன்.

"அவ மூளைக்கு மத்தியானம் நீ போய்ச் சொல்லு. பள்ளிக்கூடத்துல இன்னா சொன்னாங்களோ அத கேட்டுக்கினு வர ஒரு ஆள் வோணுமா வேணாமா?"

அம்மா சொன்னது தப்பு என்று எனக்குத் தெரியும். எங்கே தப்பு என்று விரல் வைத்துக் காட்டத்தான் முடியவில்லை. கிளம்பினேன். கரிக்கலாம்பாக்கம் டீக்கடையில் உட்கார்ந்து நேரத்தைப் போக்கிவிட்டு, சேர்த்துக்கொள்ளவில்லை என்று வந்து சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். அம்மாவும் பின்னாலேயே செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

பிரேயர் முடிந்து வரிசை கலைகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மீசை வைத்த ஒருவன் தோளில் பூப்போட்ட பையும் கையில் தண்ணீர் பாட்டிலுமாக நிற்பதைப் பார்த்து ஒன்பதாம் வகுப்பு முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது. அம்மா வகுப்பாசிரியையிடம், அவள் வர முடியவில்லை, பதிலுக்கு அண்ணன் வந்திருக்கிறான் என்று சொன்னாள். ஏதோ கல்யாணத்தில் இன்னொருவருக்குப் பதில் மொய் வைக்க வந்தவனைப் போல நான் நின்றேன். பிள்ளைகள் சிரித்ததில் ஆசிரியைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் தலைமையாசிரியரைக் கூப்பிட்டார்.

தலைமையாசிரியருக்குச் சிரிப்பு வரவில்லை. இது விளையாட்டு இடமில்லை என்றார். பெண்பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் இவ்வளவு பெரிய பையனை உட்காரவைக்க முடியாது என்றார். அது நியாயம். உட்கார்ந்தாலும் அவளுக்கு வருகை கிடைக்காது என்றார். அதுவும் நியாயம். அம்மா இரண்டையும் கேட்டுக்கொண்டாள்.

"கணக்குல வெக்காட்டி போங்க. உள்ள வேணாமா, வெளிய ஒக்காரட்டும். காது கேக்கும்ல?"

வகுப்பின் பின்புறம் வராண்டாவைப் பார்த்தபடி ஒரு சன்னல் இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் கரும்பலகை நேராகத் தெரியும். தலைமையாசிரியர் அந்தச் சன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு நாள் உட்கார்ந்தால் தானாகவே போய்விடுவான் என்று நினைத்திருக்க வேண்டும். வகுப்புக்குள் கால் வைக்கக் கூடாது, யாரோடும் பேசக் கூடாது, மதிய பெல் அடித்ததும் வெளியே போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வராண்டாவின் சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே பேர் கூப்பிட்டார்கள். தங்கச்சியின் பேர் வந்தது. அந்த ஜாம் பையன் குரல் கொடுத்தான்.

"வெளிய கீறாரு மிஸ். மீசையோட."

வகுப்பு சிரித்து அடங்கியது. ஆசிரியை ஆப்சென்ட் போட்டார். அந்தப் பேனா தாளில் கீறிய சத்தம் எனக்கு வெளியே கேட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். எனக்குக் கேட்டது. அந்தச் சத்தத்துக்குத்தான் நான் மறுநாளும் போனேன். அம்மா சொன்னதற்காக முதல் நாள் போனேன். இரண்டாவது நாளிலிருந்து என் ரோஷத்துக்காகப் போனேன். எத்தனை ஆப்சென்ட் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், இந்தச் சன்னலில் எங்கள் வீட்டு முகம் ஒன்று இருந்துகொண்டே இருக்கும்.

கம்பெனியில் சூப்பர்வைசரிடம் கேட்டு நிரந்தரமாக இரண்டாவது ஷிப்டே வாங்கிக்கொண்டேன். யாரும் விரும்பாத ஷிப்ட் என்பதால் உடனே கிடைத்தது. காலையில் வராண்டா, பெல் அடித்ததும் நேராக ஆஸ்பத்திரி, அங்கே கொஞ்ச நேரம், அங்கிருந்து வேலை. அவள் வீட்டுக்கு வந்த பிறகும் வெளியே அனுப்பக்கூடாத வாரங்கள் இருந்தன, அப்போதும் இதேதான். அவள் நன்றாக இருக்கும் நாட்களில் அவளே போனாள், நான் தூங்கினேன்.

நான் நல்ல வாத்தியார் இல்லை. நோட்டை விரித்து முதல் வரியிலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்தேன். அவள் கட்டிலில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள்.

"ண்ணா, பாடம் புக்குல கீது. நான் படிச்சிக்கிறேன். புக்குல இல்லாதத சொல்லு."

புக்கில் இல்லாதது என்ன என்று கேட்டேன். அவள் இடத்தில் இப்போது யார் உட்காருகிறாள், யார் யாரோடு பேசுவதில்லை, சயின்ஸ் மிஸ் இன்னும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓகேவா என்று கேட்கிறாரா, ஜாம் பையன் என்ன சொன்னான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. உடம்பு சரியில்லாத பிள்ளை இழப்பது பாடத்தை இல்லை. பாடத்தை எப்போது வேண்டுமானாலும் பிடித்துவிடலாம். திரும்பி வரும்போது எல்லோரும் ஏதோ ஒன்றுக்குச் சிரிக்க, அவள் மட்டும் ஏன் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். நாலு தடவை அப்படி உட்கார்ந்தால் பிள்ளைக்கே பள்ளிக்கூடம் வெறுத்துப்போகும். பிறகு டி.சி. கொடு என்று அவளே கேட்பாள், பெரியவர்கள் சிரமப்பட வேண்டாம். அன்றிலிருந்து நோட்டின் வலது பக்கம் பாடமும் இடது பக்கம் வகுப்பில் நடந்த கூத்தும் எழுதினேன். அவள் இடது பக்கத்தை முதலில் படித்தாள். வகுப்புக்குத் திரும்பிய நாளில், தான் இல்லாதபோது நடந்த சண்டைக்குத் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

கணக்கு வாத்தியாருக்கு மட்டும் நான் அங்கே இருப்பது பிடிக்கவில்லை. வேவு பார்க்க வந்தவன் என்று நினைத்தாரோ என்னவோ. ஒரு நாள் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் வந்து சன்னல் கதவைச் சாத்திவிட்டார். நான் எழுந்து போகவில்லை. சாத்திய கதவுக்கு வெளியே உட்கார்ந்து காதில் விழுந்ததை எழுதினேன். அன்று மதியம் தங்கச்சி அந்தப் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"முக்கோணத்த சத்தத்த வெச்சே வரஞ்சிட்டியா? இது இன்னாது, சமோசாவா?"

மறுநாளும் அவர் சாத்தினார். மறுநாளும் நான் இருந்தேன். அப்படிச் சில நாட்கள். பிறகு ஒரு நாள் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருந்த இடுக்கு வழியாக ஒரு நோட்டு மெல்ல வெளியே நீண்டது. கடைசி பெஞ்சில் இருந்த பெண் ஒருத்தி, திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்த்து வரைந்துகொண்டு திருப்பி நுழைத்தேன். அடுத்த பாடத்துக்கும் அது வந்தது. வாத்தியார் கவனித்துவிட்டார். நோட்டைப் பிடுங்குவார் என்று நினைத்தேன். அவர் வந்து கதவைத் திறந்தார்.

"கொசு வருதுன்னு சாத்துனேன்," என்றார், என்னைப் பார்க்காமல்.

அதற்குப் பிறகு அவர் சாத்தவில்லை. கொசு அப்படியேதான் இருந்தது.

ஊர் சும்மா இருக்குமா. மதகடிப்பட்டிலிருந்து வந்த அத்தை, பெண்பிள்ளையைத் தையல் கிளாஸில் சேர்த்துவிட்டால் உட்கார்ந்த இடத்தில் நாலு காசு பார்க்கலாம், இப்படி ஆம்பிளைப் பிள்ளையை வராண்டாவில் உட்காரவைத்து மானத்தை வாங்குவானேன் என்று கேட்டாள். தங்கச்சி உள்ளே இருந்து, "அதுக்கும் பதிலா அண்ணனயே அனுப்பலாம் அத்த, நல்லா ஒக்காருவான்" என்றாள். கம்பெனியில் என் பேர் ஒன்பதாங்கிளாஸ் ஆயிற்று. லைனில் அட்டைப்பெட்டி மடிக்கும்போது, என்னப்பா இன்றைக்கு ஹோம்வொர்க் முடித்தாயா என்பார்கள். முடித்துவிட்டேன், நீ முடித்தாயா என்று திருப்பிக் கேட்பேன். அதில் இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளின் கணக்குச் சந்தேகத்தைப் பிறகு என்னிடமே கொண்டுவந்தார்கள்.

பொங்கல் தாண்டியதும் குழாய் தெளிய ஆரம்பித்தது. காலையில் அம்மா அதை மெழுகுவர்த்தியிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள், அந்தப் பக்கத்துத் தென்னைமரம் அதன் வழியாகத் தெரியும். தங்கச்சி தினமும் பள்ளிக்கூடம் போனாள். கன்னம் வற்றத் தொடங்கியது. முழுப் பரீட்சையை எழுதவிடுவதாகத் தலைமையாசிரியரும் ஒத்துக்கொண்டார். எழுதி மார்க் வாங்கினால் பத்தாவதுக்கு அனுப்புகிறேன், எழுதாவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது, மறுதேர்வெல்லாம் கிடையாது என்றார். இத்தனை மாதம் நாங்கள் தொங்கிக்கொண்டிருந்தது இந்த ஒரு வாய்ப்புக்காகத்தான்.

அப்போதுதான் வெயில் ஏறி, ஊரில் அம்மை போட்டது. முதலில் எங்கள் தெருக்கோடி வீட்டு வாசலில் வேப்பிலை செருகினார்கள். அடுத்த வாரம் இரண்டு தெரு தள்ளி. வகுப்பில் ஒன்றிரண்டு இடங்கள் காலியாகின, பிறகு அந்தப் பிள்ளைகள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு திரும்பி வர, வேறு இடங்கள் காலியாகின. ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மற்ற பிள்ளைகளுக்கு அது சில நாள் படுக்கை. இவள் சாப்பிடும் மாத்திரைக்கு, இவள் உடம்பு அதைத் தாங்காது. அம்மை போட்ட பிள்ளையோடு ஒரே அறையில் உட்காரக் கூடாது, போடப்போகிற பிள்ளை எது என்று முகத்தில் எழுதியிருக்காது, அதனால் யாரோடும் உட்காரக் கூடாது.

வருடம் முழுக்க வகுப்பு நன்றாக இருந்தது, இவளுக்கு உடம்பு சரியில்லை. இப்போது இவள் நன்றாக இருக்கிறாள், வகுப்புக்கு உடம்பு சரியில்லை. ஆனாலும் வெளியே நிற்க வேண்டியது இவள்தான்.

டாக்டர் எழுதிக்கொடுத்ததை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரைப் பார்க்கப் போனேன். தனியாக உட்காரவைத்து எழுதவிடுங்கள் என்று கேட்டேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். தனி அறை இல்லை, எல்லா அறையிலும் பரீட்சை. தனியாக மேற்பார்வைக்கு ஆள் இல்லை, இரண்டு ஆசிரியர்கள் அவர்கள் வீட்டில் அம்மை என்று லீவில் இருக்கிறார்கள். பெஞ்சுகூட மிச்சமில்லை, இருப்பதை எல்லாம் இடைவெளி விட்டுப் போட்டாயிற்று. இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், எனக்கும் வருத்தம்தான், ஆனால் வழியில்லை தம்பி என்றார்.

முன்பிருந்த நானாக இருந்தால் சரிங்க மேடம் என்று எழுந்திருப்பேன். நன்றாகப் படித்தவன் சரிங்க மேடம் என்றுதான் சொல்லுவான், அப்படித்தான் எவர்சில்வர் தட்டு வாங்கினேன். ஆனால் இந்த வருடத்தில் பெரும்பகுதியை அந்த வராண்டாவில் உட்கார்ந்து கழித்திருந்தேன். அங்கே உட்காருகிறவனுக்கு என்ன தெரியும், என்ன கேட்கும், எங்கிருந்து காற்று வரும் என்பது என் முதுகுக்குத் தெரியும்.

"ரூம் வேணாம் மேடம். நான் ஒக்காந்த எடத்துல அவ ஒக்காரட்டும். சன்னல் வழியா உள்ள இருக்கற மிஸ்ஸுக்கு அவ நல்லா தெரிவா. நான் வருஷம் பூரா பாத்திருக்கேன்."

சன்னலுக்குப் பக்கத்து வரிசையைக் காலியாக விட்டால் போதும் என்றேன். தரையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் எழுத முடியுமா என்று அவர் கேட்டார். முடியாது, கால் வீங்கும் என்றேன்.

"அப்ப பெஞ்சுக்கு எங்க போறது?"

"அத நாங்க கொண்டாறோம்."

"மழை வந்தா நான் பொறுப்பு இல்ல தம்பி."

"பங்குனியில எங்க மேடம் மழை."

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். சரி என்று சொல்லவில்லை. முதல் பரீட்சை எத்தனை மணிக்கு என்று மட்டும் சொன்னார்.

பந்தல்கடையில் மேசை நாற்காலி வாடகைக்குப் பேச அப்பா போனார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. கடைக்காரர் முழுசாக எல்லா நாளுக்கும் விட முடியாது, சாயங்காலம் விசேஷ வீடுகளுக்குப் போகவேண்டிய சாமான், எழுதி முடித்ததும் அன்றன்றைக்கே கொண்டுவந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை அப்பா தன் மொபெட்டின் பின்னால் மடக்கு மேசையைக் கட்டி, அதன்மேல் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துக் கட்டி, நேராகப் பள்ளிக்கூடத்துக்குள் ஓட்டிக்கொண்டு வந்தார். மேல் கூசுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர். வராண்டாவில் மேசையை விரித்துக் கையால் அழுத்திப் பார்த்தார். ஒரு கால் ஆடியது. சுற்றும் முற்றும் பார்த்து, சுவரோரம் கிடந்த ஓட்டுச்சில்லு ஒன்றை எடுத்து அடியில் செருகினார். மறுபடி அழுத்தினார். திருப்தியாகி வேப்பமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டார்.

தங்கச்சி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, சன்னலையும் கரும்பலகையையும் தரையையும் பார்த்தாள்.

"இதான் நீ ஒக்காந்த எடமா? தரைல ஒரு வட்டம் பளபளன்னு கீது பாரு."

அப்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் குனிந்து பார்த்தேன்.

உள்ளே பேர் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் பேர் வந்தது. சன்னலுக்கு வெளியே இருந்து அவள் குரல் போனது.

"பிரசென்ட் மிஸ்."

வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஜாம் பையன் அன்று இல்லை, அவன் வீட்டு வாசலிலும் வேப்பிலை. ஆசிரியை கொஞ்ச நேரம் பேனாவைக் கையில் வைத்திருந்தார். பிறகு குனிந்து எழுதினார். இந்த முறையும் எனக்குச் சத்தம் கேட்டது.

எல்லாப் பரீட்சையும் அப்படித்தான் எழுதினாள். சயின்ஸ் அன்று காற்று அடித்து விடைத்தாள் பறக்கப் பார்த்தது, கணக்கு வாத்தியார் உள்ளே இருந்து சாக்பீஸ் டப்பாவைச் சன்னல் வழியாக வெளியே வைத்தார், தாளின் மேல் வைத்துக்கொள்ளச் சொல்லி. அம்மை அவளை அண்டவில்லை. அதில் எங்கள் சாமர்த்தியம் பாதி, அதிர்ஷ்டம் பாதி. கணக்கில் விளிம்பில் பாஸ், மற்றதில் நன்றாகவே. பத்தாவதுக்குப் போனாள், அவளுடைய அதே கூட்டாளிகளோடு, அதே சிரிப்புகளோடு. நோய் போய்விடவில்லை. குழாய் மறுபடி திரளும், அது எங்களுக்குத் தெரியும். திரண்டால் திரளட்டும். பத்தாம் வகுப்புக்கும் பின்பக்கம் ஒரு சன்னல் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். எனக்கும் இரண்டாவது ஷிப்ட் இருக்கிறது.

அந்தக் குடும்பம் ஒரு பிள்ளைக்காக எவ்வளவு செலவு செய்தது என்று ஊரில் பெருமையாகவும் சொல்கிறார்கள், கிண்டலாகவும் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரிச் செலவு நோய்க்கு ஆனது, அதை நான் இதில் சேர்க்க மாட்டேன். நான் உட்கார்ந்த நாட்களுக்கும் விலை போட மாட்டேன். வழியில்லை என்று சொன்னார்களே, அந்த வழிக்கு எவ்வளவு ஆனது என்பதை மட்டும் சொல்கிறேன்.

கடைசிப் பரீட்சை முடிந்ததும் நானும் அப்பாவும் மேசையைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். ஒரே ஒரு மேசை, ஒரே ஒரு நாற்காலி, அப்படி என்ன விசேஷம் வீட்டில் என்று கடைக்காரர் கேட்டார். பொண்ணுக்குப் பரீட்சை என்றார் அப்பா. கடைக்காரர் மேசையைத் தட்டிப் பார்த்து, நாற்காலியைத் திருப்பிப் பார்த்து, கணக்குப் போட்டார். குறைத்துக்கொள்ளச் சொல்லி அப்பா கேட்கவில்லை, அவரும் குறைக்கவில்லை. மேசைக்கு நாற்பது, நாற்காலிக்குப் பத்து, ஐந்து பரீட்சைக்கு இருநூற்று ஐம்பது ரூபாய்.